உப்பு நீரிலிருந்து உயரழுத்தக் கம்பி வரை

புத்தளம் என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் வழங்கிவருகின்றன. புதிதாய் அமைந்த உப்பளம் ஆதலின் ‘புது அளம்’ என்பது புத்தளம் ஆயிற்று என்பர் ஒரு சாரார். ‘உப்புத்தளம்’ என்பதே முதலெழுத்துக் குன்றிப் புத்தளமாய் நின்றது என்பர் மற்றொரு சாரார். எது சரி என்று தீர்ப்புக் கூறுவது சொல்லாராய்ச்சியாளர் கடன். இரண்டிலும் உப்பு இருக்கிறது. இன்றைய பேச்சுக்கு அதுவே போதும். ஏனெனில், நேயர்களே, நான் கூறவிருப்பது மின்தடை என்ற கருத்தின் வரலாறு. அவ்வரலாறு உப்பு நீரிலேதான் தொடங்குகிறது. இன்று எங்கள் கரையோரத்தில், நுரைச்சோலைப் புகைபோக்கியின் அடியில் வந்து நிற்கிறது.

நான் விஞ்ஞானப் பட்டதாரி அல்லன். வரலாறும் தமிழும் கற்றவன். ஆயினும் பாடசாலை அதிபருக்கு எல்லா வகுப்பறைகளின் ஓசையும் காதில் விழும். பதினோராந் தரத்து மாணவர் பரீட்சைக் காலத்தில் மின்னியல் சமன்பாடுகளைப் பாசுரம் போல ஒப்பிப்பார்கள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது தடை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது வலு. இவ்விரண்டு வரிகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பத்து நிமிடத்தில் ஐந்து கணக்குச் செய்துவிடுகிறார்கள். அந்த இரண்டு வரிகளைக் கண்டுபிடிக்க ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன என்பதை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். உப்பளத்தில் வேலை செய்தவருக்கு இது கடினமன்று. மேட்டுப் பாத்தியில் நீர் நிற்கிறது. தாழ்ந்த பாத்திக்கு ஒரு வாய்க்கால் வெட்டப்பட்டிருக்கிறது. இரு பாத்திகளின் நீர்மட்டத்துக்கும் உள்ள உயர வேறுபாடு போன்றது மின்னழுத்தம். அதை வோல்ற்றில் அளக்கிறோம். வாய்க்காலில் ஒரு நொடிக்குப் பாயும் நீரின் அளவு போன்றது மின்னோட்டம். அது அம்பியரில் அளக்கப்படும். வாய்க்கால் ஒடுக்கமாயும் நீளமாயும் இருந்தால் பாய்ச்சல் குறைகிறதன்றோ? அதுவே தடை, அதன் அலகு ஓம். பாய்ந்து செல்லும் நீர் ஒரு சக்கரத்தைச் சுழற்றுமாயின், ஒரு நொடியில் அது செய்யும் வேலையே வலு. அதன் அலகு உவாற்று. உவமை முழுவதும் பொருந்தாது. எனினும் தொடக்கத்துக்கு உதவும்.

இனி வரலாறு. அது ஒரு மீனிடமிருந்து தொடங்குகிறது. மின்திருக்கை என்ற மீனைத் தொட்டால் கை மரத்துப்போகும் என்பது கடலோர மக்கள் அனைவரும் பண்டுதொட்டு அறிந்தது. 1801ஆம் ஆண்டில் புளொக்கு, சினைடர் என்னும் செருமானிய அறிஞர் பெயரால் வெளிவந்த மீன்நூல், தரங்கம்பாடிக் கடலில் கிடைத்த இவ்வினத்து மீன் ஒன்றுக்கு ‘டிம்லெய்’ என்று பெயரிட்டிருக்கிறது. திமிர்த்தல் என்ற சொல்லை அறிந்த தமிழ்ச் செவிக்கு அப்பெயர் முற்றிலும் அயலாகப் படுவதில்லை.

அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பு, யோன் வால்சு என்ற ஆங்கிலேயர் இம்மீனை ஆராயப் புகுந்தார். இவர் இந்தியாவிலே கிளைவின் செயலாளராயிருந்து, பெரும்பொருளோடு தாயகம் திரும்பியவர். 1772இல் பிரான்சு நாட்டின் லா ரொசெல் துறைமுகத்துக்குச் சென்று, மீனவர் பிடித்துத் தந்த திருக்கைகளைச் சோதித்து, அவை தரும் அதிர்ச்சி மின்னதிர்ச்சியே என்று அறிவித்தார். அறிஞர் பலர் நம்பவில்லை. அவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். கடலுக்குள்ளே கிடக்கும் மீனிடத்தில் மின்சாரம் பிறந்தால், அது சுற்றியுள்ள நீரிலேயே ஓடி முடிந்துவிடுமே! தொடுபவரின் கைக்குள் அது ஏன் வரவேண்டும்?

இதற்கு விடை கண்டவர் என்றி கவென்டிசு. பெருஞ்செல்வக் குடியிற் பிறந்தும் மனிதரோடு பேசக் கூசி வாழ்ந்தவர். வீட்டு வேலையாட்களுக்கும் கட்டளைகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிவைப்பாராம். அவர் 1776இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: மின்சாரம் ஒரே வழியில் மட்டும் செல்வதில்லை, திறந்திருக்கும் எல்லா வழிகளிலும் பிரிந்து செல்கிறது, எந்த வழியில் தடை குறைவோ அந்த வழியில் மிகுதியாகவும், தடை மிகுந்த வழியில் சிறிதளவாகவும் செல்கிறது. ஆகவே கடல்நீரில் பெரும்பங்கு ஓடினாலும், தொடுபவரின் உடலிலும் ஒரு பங்கு ஓடியே தீரும். இதைக் காட்டுவதற்கு அவர் தோலினால் ஒரு செயற்கைத் திருக்கை செய்து, உப்பு நீரில் ஊறவைத்து, இலெய்டன் சாடிகளில் சேமித்த மின்சாரத்தை அதற்குள் செலுத்தி, நண்பர்களை அழைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். முதலில் மரத்தால் செய்த மீன் போதிய அளவு கடத்தவில்லை. தோல் மீன் வெற்றி தந்தது.

‘பிரிந்து செல்கிறது’ என்ற இக்கருத்தை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பேச்சின் முடிவில் அது மீண்டும் தேவைப்படும்.

கவென்டிசு அத்தோடு நிற்கவில்லை. எந்தப் பொருள் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்க விரும்பினார். அக்காலத்தில் மின்னோட்டத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. ஆகவே தம் உடலையே கருவியாக்கினார். கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு செறிவுள்ள உப்பு நீரை நிரப்பி, அவற்றினூடாகத் தம் கைகளுக்கு மின்னதிர்ச்சி பாயச்செய்து, இரண்டு அதிர்ச்சிகள் சமமாகத் தோன்றும்வரை குழாயில் உள்ள நீரின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். மழைநீரைவிடக் கடல்நீர் 100 மடங்கு நன்றாகக் கடத்துகிறது. உப்புக் கரைந்து நிறைந்த நீர் 720 மடங்கு கடத்துகிறது. இரும்புக் கம்பியோ மழைநீரைவிட 40 கோடி மடங்கு கடத்துகிறது என்று கணக்கிட்டார். மணிக்கட்டில் உணர்ந்த வலியிலிருந்து இந்த எண்களை எடுத்தார் என்பதை எண்ணும்போது வியப்பு மிகுகிறது.

இன்றைய அளவைகளோடு ஒப்பிடலாம். ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர சென்ரிமீற்றர் குறுக்கும் உள்ள சிறு தொட்டியில் கடல்நீரை நிரப்பினால், அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள தடை ஏறத்தாழ 2,000 ஓம். அதே அளவுள்ள செப்புக் கோலின் தடை ஓர் ஓமில் ஆறாயிரத்தில் ஒரு பங்களவே. கடல்நீர் நல்ல கடத்தி என்கிறோம். செம்போடு ஒப்பிட்டால் அது கோடி மடங்கு பின்தங்கி நிற்கிறது. ஆனால் உப்பற்ற மழைநீரோடு ஒப்பிட்டால் அது அபாயகரமான கடத்தி.

1781இல் கவென்டிசு இன்னும் ஒருபடி மேலே சென்று, மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடுகிறது என்று கண்டறிந்தார். பிற்காலத்தில் ஓமின் விதி எனப் பெயர்பெற்ற உண்மை அதுவே. கண்டறிந்தவர் அதை வெளியிடவில்லை. கையெழுத்துச் சுவடிகள் நூறாண்டு அளவு பெட்டியிற் கிடந்தன. கேம்பிரிட்சுப் பேராசிரியர் மக்சுவெல் அவற்றை எடுத்து, சோதனைகளைத் தாமும் மற்றவர்களும் மீண்டும் செய்துபார்த்து, 1879இல் அச்சேற்றினார். அவ்வாண்டிலேயே மக்சுவெல்லும் மறைந்தார். எழுதிப் பெட்டியில் வைப்பவருக்கும் ஊருக்குச் சொல்பவருக்கும் உள்ள வேறுபாடு, வரலாற்றில் எவ்வளவு பெரியது!

ஊருக்குச் சொன்னவர் ஒரு பாடசாலை ஆசிரியர். இதனை நான் சற்றுப் பெருமையோடுதான் கூறுகிறேன். கியோர்க்கு சைமன் ஓம் என்பவர் செருமனியில் எர்லாங்கன் நகரத்துப் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். தந்தை தாமே கணிதம் கற்று மக்களுக்கும் கற்பித்தவர். ஓம் 1817 முதல் கொலோன் நகரத்துப் பாடசாலையில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தார். பாடசாலையின் ஆய்வுகூடத்திலேயே, தந்தையின் பட்டறையிற் கண்டு பழகிய கைவேலைத் திறனால் கருவிகளைத் தாமே செய்து, கம்பிகளைச் சோதித்தார்.

அவருக்கு நேர்ந்த இடர் மின்கலத்தால் வந்தது. அக்காலத்து மின்கலம் தொடக்கத்தில் வலிமையாகவும் சிறிது நேரத்தில் தளர்ந்தும் போகும். அளவு கோலே சுருங்கிக்கொண்டிருந்தால் துணியை எப்படி அளப்பது? 1825இல் அவர் வெளியிட்ட முதற் சூத்திரம் இதனால் பிழையாயிற்று. பொகென்டோர்வு என்னும் பௌதிக அறிஞர் கூறிய ஆலோசனைப்படி, மின்கலத்தை விடுத்து வெப்பவிணையைக் கைக்கொண்டார். பிசுமது என்ற உலோகத்தையும் செம்பையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தால், சிறிய மின்னழுத்தம் ஒன்று பிறக்கும். நீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனி உருகும் வெப்பநிலையும் மாறாதவை. ஆகவே அந்த மின்னழுத்தமும் மாறாது. நீளத்தில் வேறுபட்ட எட்டுச் செப்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துக் காந்த ஊசியின் விலகலைக் குறித்தார். 1826இல் விதி கிடைத்தது. அரைச் சம்பளத்தில் ஓராண்டு விடுமுறை பெற்றுப் பெர்லின் சென்று, 1827இல் நூலாக வெளியிட்டார்.

வரவேற்பு இல்லை. அக்காலச் செருமானிய அறிஞர் சிலருக்கு, இயற்கையைக் கணிதத்தால் அளப்பதே உவப்பாயிருக்கவில்லை. பல்கலைக்கழகப் பதவியை எதிர்பார்த்த ஓம் கொலோன் பதவியையும் துறந்து, சில ஆண்டுகள் சிறு வேலைகளில் காலந்தள்ளினார். 1833இலேதான் நூரன்பெர்க்கில் ஓரளவு நல்ல பதவி கிடைத்தது. 1841இல் இலண்டன் வேத்தியற் கழகம் கொப்பிளிப் பதக்கம் வழங்கிய பின்னரே தாயகமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. மியூனிக்கில் பேராசிரியர் நாற்காலியில் அவர் அமர்ந்தது 1852இல்; இறந்தது 1854இல்.

ஓமின் நூல் வாங்குவாரின்றிக் கிடந்த அதே காலத்தில், எங்கள் கற்பிட்டியிலே 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி ஊர் ஊராகக் குறிப்புச் சேகரித்துக்கொண்டிருந்தார். அவருடைய ‘சிலோன் கசற்றியர்’ 1834இல் வெளிவந்தது. ‘தமிழ் புளூராக்’ 1859இல் வெளிவந்தது. இருவருக்கும் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் 1830ஆம் ஆண்டு என்றவுடன் எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் ஊர் முகமும் தெரியவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

வலுவின் கதைக்கு வருவோம். மான்செசுற்றர் அருகே மதுவடிசாலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர் யேம்சு யூல். நீருள்ள சாடியில் கம்பிச் சுருளை அமிழ்த்தி, மின்னோட்டம் செலுத்தி, வெப்பமானியால் நீரின் சூட்டை அளந்தார். 1841இல் அவர் வெளியிட்ட முடிவு: பிறக்கும் வெப்பம், தடைக்கும் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் விகிதசமமானது. மின்னோட்டம் இருமடங்காயின் வெப்பம் நான்கு மடங்கு. மும்மடங்காயின் ஒன்பது மடங்கு. இந்த ‘வர்க்கம்’ என்ற சொல்லிலேதான் பிற்கால மின்வலுத் தொழிலின் இலாபமும் நட்டமும் அடங்கிக்கிடக்கின்றன.

வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. நீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தலின் அடியில் 230 வோல்ற்று, 2,000 உவாற்று என்று பொறித்திருப்பார்கள். வலுவை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் 8.7 அம்பியர். மின்னழுத்தத்தை அம்மின்னோட்டத்தால் வகுத்தால் தடை ஏறத்தாழ இருபத்தாறரை ஓம். இப்போது ஒரு நீண்ட மின்வழியின் கடைசி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வழியிலுள்ள கம்பியின் தடையில் 30 வோல்ற்று இழக்கப்பட்டு, வீட்டுக்கு 200 வோல்ற்றே வந்து சேர்கிறது. கேத்தலின் தடை மாறவில்லை. ஆகவே மின்னோட்டம் 7.5 அம்பியர், வலு 1,500 உவாற்றுக்குச் சற்று மேல். மின்னழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கு குறைய, வலுவில் நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது. மாலையில் மின்குமிழ் மங்கித் தண்ணீர் கொதிக்கத் தாமதிப்பதன் காரணம் இதுவே.

அறிவு நூலில் இருந்தும், அதைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1858ஆம் ஆண்டு சான்று. அவ்வாண்டில் இலங்கையின் முதலாவது தந்தி வழி கொழும்புக்கும் காலிக்கும் இடையே திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் அத்திலாந்திக் கடலடியில் அயர்லாந்தையும் அமெரிக்காவையும் இணைக்கும் தந்திவடம் இடப்பட்டது. விக்டோரியா மகாராணியின் 98 சொற்கொண்ட வாழ்த்து அக்கரை சேர 16 மணித்தியாலம் சென்றது. வடத்துக்குப் பொறுப்பான மின்னியலாளர் வைற்கவுசு அடிப்படையில் சத்திர வைத்தியர். செய்தி விரைவாகச் செல்ல வேண்டுமாயின் மின்னழுத்தத்தைக் கூட்டினால் போதும் என்று கருதி, 2,000 வோல்ற்று அளவுக்கு ஏற்றினார். சில வாரங்களில் வடத்தின் காவலி பழுதாகி, வடம் ஊமையாயிற்று. பெரும் முதல் கடலில் மூழ்கியது.

கிளாசுகோப் பேராசிரியர் வில்லியம் தொம்சன் மறுபக்கத்தில் நின்று வாதாடியவர். செப்புக் கம்பியைத் தடிப்பாக்கித் தடையைக் குறைக்க வேண்டும். காவலியைத் தடிப்பாக்க வேண்டும். மிகச் சிறு மின்னோட்டத்தையும் உணரும் கருவி வேண்டும் என்றார். சந்தையில் செம்பு என்று விற்கப்படும் கம்பிகளின் தடை ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவதையும் அவரே கண்டுகாட்டினார். 1866இல் அவர் வழியிற் செய்த வடம் வெற்றி தந்தது. அதன் பின்பே வணிகருக்குத் தடையை அளக்கும் அலகு ஒன்று அவசியமாயிற்று. 1881இல் பாரிசு மாநாடு ஓம், வோல்ற்று, அம்பியர் என்ற பெயர்களை உலகுக்குப் பொதுவாக்கியது. 1889இல் உவாற்று சேர்ந்தது. ஓர் ஓம் என்றால் என்ன என்பதற்கு 1893இல் கூறப்பட்ட இலக்கணம், பனி உருகும் வெப்பநிலையில் 106.3 சென்ரிமீற்றர் நீளமும் ஏறத்தாழ 1 சதுர மில்லிமீற்றர் குறுக்கும் உள்ள இரச நிரலின் தடை என்பது. 2019 முதல் இவ்வலகுகள் இயற்கையின் மாறிலிகளிலிருந்து பெறப்படுகின்றன. கவென்டிசின் பெயரில் அலகு எதுவும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இலங்கையில் மின்வலுவைப் பெருமளவில் நினைத்துப்பார்த்த முதல்வர் பொறியியலாளர் விமலசுரேந்திர. மலையாற்று நீரினால் நாட்டுக்கே மின்சாரம் தரலாம் என்று 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் ஆய்வுரை படித்தார். அவருடைய கனவான லக்சபான நிலையம் 1950இல் இயங்கியது. மலையில் பிறக்கும் மின்சாரத்தைக் கரைக்குக் கொண்டுவருவது அக்காலத்துக் கதை. பின்னர் மழை பொய்த்த ஆண்டுகளில் நீர்த்தேக்கங்கள் வற்ற, நிலக்கரி பற்றிய பேச்சு எழுந்தது. திருகோணமலையும் தென்கரையும் ஆலோசிக்கப்பட்டுக் கைவிடப்பட்டன. இறுதியில் கற்பிட்டித் தீபகற்பத்து நுரைச்சோலை தெரிவாயிற்று. தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் அண்மையில் இருத்தலாலும், மீனவரும் தோட்டக்காரரும் தம் தொழிலுக்கு அஞ்சியதாலும் எதிர்ப்பு எழுந்து, திட்டம் பல ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. 2006இல் வேலை தொடங்கியது. 300 மெகாஉவாற்றுக் கொண்ட முதற்பகுதி 2011 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2014இல் மற்ற இரண்டும் சேர்ந்து 900 மெகாஉவாற்று ஆயிற்று. லக்விஜய என்பது அதன் பெயர். கரையில் பிறக்கும் மின்சாரத்தை உள்நாட்டுக்கு அனுப்புவது இக்காலத்துக் கதை.

எவ்வாறு அனுப்புவது? இங்கேதான் யூலின் வர்க்கம் நம்மைச் சந்திக்கிறது. பாடசாலைக் கணக்காக எளிமைப்படுத்திச் சொல்கிறேன். மெய்யான வழி மூன்று அவத்தைகள் கொண்டது. அதில் எண்கள் சற்று மாறும். ஒரு மின்பிறப்பாக்கியின் 300 மெகாஉவாற்றை 20,000 வோல்ற்றில் அப்படியே அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். வலுவை மின்னழுத்தத்தால் வகுக்க, மின்னோட்டம் 15,000 அம்பியர். வேயங்கொடை வரை செல்லும் கம்பியின் தடை 5 ஓம் என்று கொள்வோம். 15,000 அம்பியரை 5 ஓமினூடே செலுத்த 75,000 வோல்ற்று வேண்டும். நம்மிடம் இருப்பதோ 20,000. கம்பியில் வெப்பமாக வீணாகும் வலுவைக் கணக்கிட்டால் 1,125 மெகாஉவாற்று வருகிறது. உற்பத்தியைப் போல மூன்றேமுக்கால் மடங்கு! அதாவது, அது நடவாத காரியம். நுரைச்சோலையில் எரிக்கும் நிலக்கரி முழுவதும் வழியிலுள்ள காகங்களின் காலைச் சுடவும் போதாது போய்விடும்.

நிலைமாற்றியினால் மின்னழுத்தத்தை 220,000 வோல்ற்றுக்கு உயர்த்திவிட்டால் கணக்கு மாறுகிறது. 300 மெகாஉவாற்றுக்கு இப்போது 1,364 அம்பியரே போதும். அதன் வர்க்கத்தை 5 ஓமினால் பெருக்க, இழப்பு ஒன்பது மெகாஉவாற்றுக்குச் சற்று மேல், நூற்றுக்கு மூன்று. மின்னழுத்தம் 11 மடங்கு ஏறியது; இழப்பு 121 மடங்கு இறங்கியது. 1891இல் செருமனியின் லவுவன் ஊரிலிருந்து பிராங்குவர்ட்டுக்கு 175 கிலோமீற்றர் தூரம் உயரழுத்தத்தில் மின்சாரம் அனுப்பிக் காட்டியபோது உலகம் வியந்தது இக்கணக்கைக் கண்டுதான். வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் மேலாக 220 கிலோவோல்ற்றுக் கம்பிகள் செல்லும் உருக்குக் கோபுரங்களைப் பார்ப்பவர்கள், அந்த உயரமும் அந்த நீண்ட காவலி மாலைகளும் ஏன் என்று கேட்டால், இதனையே விடையாகக் கூறலாம்.

ஆனால் எங்கள் கரையின் உப்பு அங்கேயும் தன் கைவரிசையைக் காட்டும். தென்மேற்குப் பருவக்காற்று கடலின் நுண்துளிகளைத் தூக்கிவந்து காவலிகளின்மேல் உப்புப் படலமாகப் படியவிடுகிறது. உலர்ந்திருக்கும்வரை தீங்கில்லை. விடியற்காலைப் பனி அதில் இறங்கியதும், கவென்டிசு குழாயில் நிரப்பிய அதே உப்பு நீர் காவலியின் மேற்பரப்பில் உருவாகிறது, தடை வீழ்கிறது, மின்னோட்டம் கசிகிறது, சிலவேளை ஒளிப்பொறியாகப் பாய்கிறது. அதனால் கடலோரங்களில் காவலிகளைக் கழுவுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. அதே காற்று, 2010 முதல் மாம்புரி முதலிய இடங்களில் எழுந்த காற்றாடிகளைச் சுழற்றி மின்சாரமும் தருகிறது என்பதையும் நன்றியோடு கூறவேண்டும்.

2025 பெப்ரவரி 9ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு நிலைமாற்றியோடு தொடுகையுற்றதே தொடக்கம் என்று அமைச்சர் கூறினார். நாடெங்கும் சிரித்தார்கள். சிரிப்புக்கு அப்பால் உள்ள பொருளைப் பார்ப்போம். காற்று மிகப் பெரிய தடை. குரங்கின் உடலோ உப்பு நீர் நிறைந்த ஒரு தோற்பை. கவென்டிசின் தோல் மீனுக்கு உறவு. இரண்டு கடத்திகளுக்கு இடையே அது வந்தவுடன் மின்சாரத்துக்குப் புதுவழி ஒன்று திறந்தது. ஒரு சிறு வழி திறந்ததற்கு வலைப்பின்னல் முழுவதும் ஏன் சரிந்தது என்பது வேறு விடயம். அன்று பகல் வெயிலில் சூரியத் தகடுகளின் பங்கு மிகுதியாகவும், கனத்த சுழலிகளின் பங்கு குறைவாகவும் இருந்தமையால், அதிர்வைத் தாங்கும் சடத்துவம் போதவில்லை என்று மின்சார சபை விளக்கியது. நுரைச்சோலையின் மூன்று பகுதிகளும் நின்றுபோயின. அனல்மின் நிலையத்தை ஆளி போட்டு உடனே எழுப்ப முடியாது. அடுத்த நாட்களில் நாடு முறைவைத்து மின்வெட்டை ஏற்கவேண்டியதாயிற்று.

குரங்கைப் பற்றிப் பேசியபின் மனிதரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சிலாபம் முதல் முந்தல் வழியாகப் புத்தளம் வாவி வரை, 1980களில் இறால் பண்ணைகள் பெருகின. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பலர் கைசுட்டுக்கொண்டனர். எனினும் தொழில் நிலைத்தது. குளத்து நீரில் ஒட்சிசன் குறையாதிருக்கத் துடுப்புச் சக்கரம் போன்ற காற்றூட்டிகளை மின்சாரத்தால் சுழற்றுகிறார்கள். உவர்நீர், மின்வடம், வெறுங்கால் மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன.

உலர்ந்த தோலுள்ள மனித உடலின் தடை பல்லாயிரம் ஓம். 50,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ற்றில் பாயும் மின்னோட்டம் ஓர் அம்பியரில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கும் குறைவு. துள்ளிக் கையை இழுத்துக்கொள்வோம். உப்பு நீரில் நனைந்த உடலின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230ஐ 1,000ஆல் வகுத்துப் பாருங்கள்: ஆயிரத்தில் 230 பங்கு. இதயத்தின் ஒழுங்கைக் குலைக்க அதில் ஒரு சிறு பகுதியே போதும். வீடுகளில் ‘ட்ரிப் சுவிச்’ என்று நாம் அழைக்கும் கருவி, ஆயிரத்தில் 30 பங்கு மின்னோட்டம் நிலத்துக்குக் கசிந்தவுடன் இணைப்பைத் துண்டிக்குமாறு அமைக்கப்பட்டிருப்பது இதனாலேயே. அதன் முகத்தில் ஒரு சிறு சோதனைப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஆளி விழவேண்டும். விழாவிட்டால் அந்தக் கருவி சுவரிலே ஓர் அலங்காரம் மட்டுமே.

சிலர், “குளத்து நீர் முழுவதும் இருக்கும்போது மின்சாரம் என் உடலைத் தேடியா வரும்?” என்பார்கள். 1772இல் வால்சை நம்ப மறுத்த அறிஞர் கேட்ட அதே கேள்வி இது. விடையும் அதுவே: அது தேடி வருவதில்லை, எல்லா வழியிலும் பிரிந்து செல்கிறது, நனைந்த உடலும் அவ்வழிகளுள் ஒன்று. இரவு இரண்டு மணிக்குக் காற்றூட்டி நின்றுவிட்டால், மூச்சுத் திணறும் இறால்களை நினைத்துக் காவலாளி நேரே குளத்துக்குத்தான் ஓடுகிறார். ஓடவேண்டியது முதலில் கரையிலுள்ள பிரதான ஆளிக்கு. அதை அணைத்து, கையைத் துடைத்த பிறகு நீருக்கு.